கணவன் செய்த மோசடி; மனைவி தலையில் கடன்!

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு சொன்ன திவால் தீர்ப்புகள்

கணவர் உண்மையை மறைத்து ஒரு வீட்டை விற்றார். மறைத்தது மனைவிக்குத் தெரியாது. பிறகு குட்டு வெளிப்பட்டது. நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. கட்டுவதற்குப் பணம் இல்லை. இருவரும் திவால் மனு கொடுத்தார்கள்.

கணவர் கதையை விட்டுவிடலாம். அவர் விதைத்தார், அவர் அறுக்கிறார். ஆனால் ஒன்றும் அறியாத மனைவியின் கதி என்ன? அவருக்காவது கடன் தள்ளுபடி உண்டா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அமெரிக்கக் கோர்ட்டுகளுக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. வழக்கு கீழே இருந்து மேலே போயிற்று. மேலே இருந்து கீழே வந்தது. மறுபடியும் மேலே ஏறியது. கடைசியாக 2023-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதன் விவரம் வருமாறு:-

பழைய வீடு, புது மெருகு

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் உள்ள பெரிய பட்டணம் சான்பிரான்சிஸ்கோ. அங்கே சொந்த வீடு வாங்குவது குதிரைக் கொம்பு. அவ்வளவு விலை!

2005-ம் ஆண்டில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து அங்கே ஒரு வீடு வாங்கினார்கள். அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகுதான் ஆயிற்று. வீட்டைப் புதுப்பித்து, நல்ல லாபத்துக்கு விற்றுவிடுவது என்பது அவர்கள் போட்ட திட்டம். அதாவது, வீடு குடியிருக்க அல்ல, வியாபாரத்துக்கு.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

வேலை முழுவதையும் கணவர் பார்த்துக்கொண்டார். என்ஜினீயரை அமர்த்தியது அவர். கான்டிராக்டரைப் பிடித்தது அவர். பில்லைச் சரிபார்த்துச் செக்கில் கையெழுத்துப் போட்டதும் அவரே. அந்த அம்மாள் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்.

வேலை முடிந்தது. வாங்குவதற்கு ஒருவர் வந்தார். வீட்டை விற்பவர்கள் அதில் உள்ள குறைகளை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். "தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டோம்" என்று இருவரும் உறுதி கூறினார்கள். வீடு கைமாறியது.

குடிவந்தவருக்குப் பிறகுதான் சங்கதி புரிந்தது. கூரை ஒழுகிற்று. ஜன்னல்கள் சரியில்லை. தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கு இருக்க வேண்டிய வெளிப்படிக்கட்டைக் காணவில்லை. நகரசபையில் வாங்க வேண்டிய அனுமதியிலும் கோளாறு.

அவர் கோர்ட்டுக்குப் போனார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து 2 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. நம் பணத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல்!

மஞ்சள் கடுதாசி

நம் பக்கத்தில் ஒருவன் திவாலாகிவிட்டால், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்பார்கள். சொல்லும்போதே ஓர் ஏளனம் இருக்கும். கடன்காரர்களை ஏமாற்றுவதற்கு அது ஒரு வழி என்று நினைப்பவர்களும் உண்டு.

அமெரிக்காவில் அதைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் வேறு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே திவால் மனு கொடுக்கிறார்கள். வேலை போனவர்கள் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவில் மூழ்கியவர்கள் கொடுக்கிறார்கள். விவாகரத்து ஆகி, ஒரு குடும்பச் செலவு இரண்டு குடும்பச் செலவாகிப் போனவர்களும் கொடுக்கிறார்கள்.

சாதாரண மனிதருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சொத்தைக் கோர்ட்டின் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுவது. அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். உடுதுணி, பாத்திரம் பண்டம், தொழில் செய்யும் கருவி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மீதிக் கடன் தள்ளுபடி ஆகிவிடும். பெரும்பாலும் சில மாதங்களில் காரியம் முடிந்துவிடும்.

மற்றொரு வழி, சொத்தை வைத்துக்கொண்டு, சம்பளத்தில் இருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தவணை கட்டுவது. தவணைகளை ஒழுங்காகக் கட்டி முடித்தால், பாக்கி நிற்பது தள்ளுபடி.

மனு கொடுத்த நிமிடத்தில் இருந்தே கடன்காரர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. டெலிபோனில் மிரட்டக் கூடாது. இது பெரிய நிம்மதி. கடன்பட்டவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் ஒன்றே. நேர்மையாக இருந்தும் காலம் சரியில்லாமல் கெட்டுப்போனவன், மறுபடியும் முதலில் இருந்து வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். "நேர்மையாக இருந்தும்" என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

அதனால்தான் சில கடன்களைச் சட்டம் தள்ளுபடி செய்வதில்லை. மனைவி மக்களுக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் தள்ளுபடி ஆகாது. பல வரிப் பாக்கிகளும் அப்படியே. படிப்புக்காக வாங்கிய கடனும் லேசில் தொலையாது. மோசடியால் வந்த கடன் அறவே தள்ளுபடி இல்லை.

வீட்டை வாங்கியவர் இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். "என்னிடம் மோசடி செய்தார்கள். ஆகவே இவர்கள் இருவரும் என் கடனில் இருந்து தப்பக் கூடாது" என்று எதிர் மனுப் போட்டார்.

படி ஏறி, படி இறங்கி...

திவால் கோர்ட்டு இரண்டு நாள் விசாரித்தது. கணவர் குறைகளை வேண்டுமென்றே மறைத்தார் என்று கண்டது. ஆகவே அவருக்குத் தள்ளுபடி கிடையாது.

மனைவிக்கு? அவருக்கும் கிடையாது என்றது கோர்ட்டு. மனைவி என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. வீட்டைப் புதுப்பித்து விற்பதில் இருவரும் தொழில் கூட்டாளிகள். ஒரு கூட்டாளி செய்தது மற்றக் கூட்டாளியையும் கட்டும் என்பது காரணம்.

அந்த அம்மாள் அப்பீல் செய்தார். திவால் வழக்குகளுக்கென்று உள்ள அப்பீல் பெஞ்சு, "இவருக்கு மோசடி தெரிந்திருந்ததா, தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும்" என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

கீழ்க்கோர்ட்டு மறுபடியும் விசாரித்தது. "இந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது" என்று தீர்மானித்தது. கடன் தள்ளுபடி! அப்பீல் பெஞ்சும் சரி என்றது. அம்மாளுக்கு மூச்சு வந்திருக்கும்.

ஆனால் வீட்டை வாங்கியவர் விடவில்லை. அவர் இன்னும் மேலே போனார். அங்கே இருந்த அப்பீல் கோர்ட்டு, "தெரியுமா, தெரியாதா என்ற பேச்சே வேண்டாம். மோசடியால் வந்த கடன் என்றால் தள்ளுபடி இல்லை" என்று தீர்ப்பைத் தலைகீழாக மாற்றிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே படி. சுப்ரீம் கோர்ட்டு.

இலக்கண வகுப்பு

சுப்ரீம் கோர்ட்டில் 2022-ம் ஆண்டு டிசம்பரில் வாதம் நடந்தது. நடந்தது சட்ட வாதமா, இலக்கணப் பாடமா என்று சந்தேகம் வரும்.

சட்டத்தில் உள்ள வாசகத்தின் சாரம் இது: "பொய்யாலோ, மோசடியாலோ பெறப்பட்ட பணத்துக்கான கடன்" தள்ளுபடி ஆகாது.

பெறப்பட்ட! யாரால் பெறப்பட்ட? யார் செய்த மோசடியால்? சட்டம் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டு வினை என்று படித்தது நினைவிருக்கலாம். "நான் பானையை உடைத்தேன்" என்றால் செய்வினை. "பானை உடைக்கப்பட்டது" என்றால் செயப்பாட்டு வினை. உடைத்தது யார் என்று அதில் இராது. வீட்டில் குறும்பு செய்த குழந்தைகள் இந்த இரண்டாவது இலக்கணத்தைத்தான் விரும்புவார்கள்!

அம்மாளின் வக்கீல்கள் சொன்னது வேறு. 'கடின உழைப்பால் வேலை கிடைத்தது' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவருடைய உழைப்பு என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். அதுபோல, மோசடியால் வந்த கடன் என்றால் கடனாளியே செய்த மோசடி என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். இதுவே அவர்கள் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நீதிபதிகள் ஏற்கவில்லை. வியாபாரத்தில் ஒருவர் செய்த மோசடிக்கு மற்றவர் பொறுப்பேற்பது வெகு காலமாக உள்ள வழக்கம். கூட்டாளி செய்ததற்குக் கூட்டாளி பொறுப்பு. ஏஜெண்டு செய்ததற்கு முதலாளி பொறுப்பு. செய்தவன் யார் என்று சொல்லாமல் விட்டதால், யார் செய்தாலும் சரி என்பதே பொருள் என்றார்கள்.

இதற்கு ஒரு பழைய கதையும் துணை வந்தது. 1885-ம் ஆண்டில் கம்பளி வியாபாரக் கூட்டாளிகள் சிலரைப் பற்றிய வழக்கு ஒன்று இதே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கூட்டாளிகளில் ஒருவர் மற்ற வியாபாரிகளிடம் பொய் சொல்லிக் காரியம் சாதித்தார். மற்றக் கூட்டாளிகளுக்கு அந்தப் பொய் தெரியாது. ஆனால் அதனால் வந்த ஆதாயம் அவர்களுக்கும் கிடைத்தது. ஆகவே அவர்களும் கடனில் இருந்து தப்ப முடியாது என்று அப்போது தீர்ப்பாயிற்று.

அந்தக் காலத்துச் சட்டத்தில் 'திவாலானவர் செய்த மோசடி' என்று தெளிவாகவே இருந்தது. அப்படியிருந்தும் இந்தத் தீர்ப்பு! பிறகு 1898-ல் புதுச் சட்டம் வந்தபோது, 'திவாலானவர் செய்த' என்ற சொற்களையே எடுத்துவிட்டார்கள். தெரிந்தேதான் எடுத்தார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு கட்டியது.

எடுத்துப் போட்டது ஓரிரு சொற்கள். 125 ஆண்டு கழித்து, அது ஒரு பெண்மணியின் தலையில் வந்து விழுந்தது.

நான்கு பெண் நீதிபதிகள்

சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள். அந்தச் சமயம் அவர்களில் நால்வர் பெண்கள். தீர்ப்பை எழுதியவர் ஏமி கோனி பாரெட் என்ற பெண் நீதிபதி. ஒன்பது பேரும் ஒரே குரலாக, அந்த அம்மாளுக்குத் தள்ளுபடி இல்லை என்று கூறிவிட்டார்கள்.

இரக்கம் இல்லாத தீர்ப்பு என்று தோன்றலாம். குற்றம் செய்யாதவர் சில சமயம் பிறர் செய்த மோசடிக்குப் பொறுப்பேற்க நேரிடும் என்பதையும், திவாலானாலும் அதில் இருந்து மீள முடியாமல் போகும் என்பதையும் தீர்ப்பே ஒளிக்காமல் சொல்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? ஒழுகும் வீட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் என்ன பாவம் செய்தார்? அவரும் ஒன்றும் அறியாதவர்தான். நஷ்டம் யாரையாவது வந்து சேர்ந்தே தீரும். வீடு விற்ற லாபத்தில் பங்கு உள்ளவர் மேல் அது விழுவதா, ஏமாந்தவர் மேல் விழுவதா? இப்படிப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு கொடுமையாகத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. நீதிபதி சோனியா சோட்டோமேயர் தனியாக ஒரு சிறு குறிப்பு எழுதினார். நீதிபதி ஜாக்சன் அதில் சேர்ந்துகொண்டார். "இவர்கள் தொழிலில் கூட்டாளிகள். அதனால் இந்தத் தீர்ப்பு. எந்தத் தொழில் தொடர்பும் இல்லாத ஒருவர் செய்த மோசடியைப் பற்றி இங்கே முடிவு செய்யவில்லை" என்பது அதன் கருத்து.

ஆகவே, தாலி கட்டியதற்காக ஒரு பெண் கணவன் கடனுக்கெல்லாம் ஆளாக வேண்டும் என்று இந்தத் தீர்ப்பு கூறவில்லை. தொழிலில் பங்கு, பத்திரத்தில் பெயர், விற்பனையில் உறுதிமொழி - இவைதான் அந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டன. வியாபாரப் பத்திரத்தில் வீட்டுப் பெண்களின் பெயரைச் சேர்த்துவிட்டு, "நீ கையெழுத்துப் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்கிற கணவன்மார் உலகம் எங்கும் இருக்கிறார்கள்.

காரைக் கொடுக்க மாட்டேன்!

திவால் மனு கொடுத்ததும் கடன்காரர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மேலே கண்டோம். அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கம்? இதைப் பற்றியும் சுப்ரீம் கோர்ட்டுக்கு அண்மையில் இரண்டு வழக்குகள் வந்தன. ஒன்றில் கடனாளி தோற்றார், ஒன்றில் ஜெயித்தார்.

சிகாகோ நகரத்தில் கண்ட இடத்தில் காரை நிறுத்தினால் அபராதம். அபராதம் சேர்ந்துபோனால், நகரசபை காரையே தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படிக் காரை இழந்த சிலர் திவால் மனுக் கொடுத்து, "தவணையில் கட்டுகிறோம், காரைக் கொடுங்கள்" என்றார்கள். நகரசபை மறுத்தது.

2021-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நகரசபை பக்கம் பேசியது. மனுவுக்குப் பிறகு புதிதாக ஒரு பொருளைப் பறிப்பதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது. முன்பே கையில் உள்ளதைச் சும்மா வைத்திருப்பது அந்தத் தடையில் வராது என்றார் நீதிபதி அலிட்டோ. வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள்.

இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. அமெரிக்காவில் பல ஊர்களில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாமல் தவணை எப்படிக் கட்டுவது? நீதிபதி சோட்டோமேயர் இந்தக் கஷ்டத்தைத் தனியாக எடுத்து எழுதினார். காரைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. ஆனால் அது மெதுவாக நடக்கிற வழி. அதைச் சீக்கிரப்படுத்த வேண்டும் என்றார்.

இரண்டாவது வழக்கு செவ்விந்தியர் சம்பந்தப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் 'லாக் டு பிளாம்போ' என்ற செவ்விந்தியக் கூட்டத்துக்குச் சொந்தமாக வட்டிக்கடை ஒன்று உண்டு. ஒருவர் அதில் 1,100 டாலர் கடன் வாங்கினார். பிறகு திவால் மனுக் கொடுத்தார். சட்டப்படி தொந்தரவு நிற்க வேண்டும். நிற்கவில்லை. விடாமல் நச்சரித்தார்கள். மனிதர் மனம் ஒடிந்துபோனார்.

"நாங்கள் தனி அரசு. எங்கள் மேல் வழக்குப் போட முடியாது" என்று அந்தக் கூட்டத்தார் வாதாடினார்கள். செவ்விந்தியக் கூட்டங்களுக்கு அப்படி ஒரு பழைய உரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் திவால் சட்டம் எந்த அரசையும் விட்டுவைக்கவில்லை என்று 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி தீர்ப்பாயிற்று. எட்டுப் பேர் ஒரு பக்கம். நீதிபதி கோர்சச் மட்டும் மறு பக்கம். 1,100 டாலர் வழக்கு, நாடு முழுவதற்கும் சட்டம் ஆகிவிட்டது!

வாசலை மிதிக்காமலே வரம்

இனி வருவது பணக்காரர் கதை.

சான்பிரான்சிஸ்கோ அம்மாள் தம்முடைய சொத்துக் கணக்கை எல்லாம் கோர்ட்டில் கொட்டினார். அப்படியும் தள்ளுபடி கிடைக்கவில்லை. ஆனால் திவால் மனுவே கொடுக்காமல், சொத்துக் கணக்கும் காட்டாமல், வழக்குகளில் இருந்து நிரந்தர விடுதலை கேட்டது ஒரு குடும்பம். அதுதான் சாக்ளர் குடும்பம்.

'பர்டியூ பார்மா' என்ற மருந்துக் கம்பெனி அவர்களுடையது. 1996-ல் அந்தக் கம்பெனி 'ஆக்சிகான்டின்' என்ற வலி மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அபினி இனத்தைச் சேர்ந்த மருந்து அது. முதுகு வலி, மூட்டு வலி என்று போனவர்களுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வலி போயிற்று. மாத்திரையை விட முடியவில்லை. பலர் அதற்கு அடிமையானார்கள்.

1999 முதல் 2019 வரை, டாக்டர் சீட்டில் கொடுக்கப்படும் இந்த வகை மருந்துகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு அமெரிக்காவில் இறந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். எல்லாச் சாவுக்கும் ஒரே கம்பெனி காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த மாத்திரையின் பெயர்தான் முதலில் அடிபட்டது.

மருந்தின் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாகக் கம்பெனி 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 60 கோடி டாலர் தண்டம் கட்டியது. அதற்குப் பிறகு குடும்பத்தார் என்ன செய்தார்கள்? கம்பெனியில் இருந்து பணத்தை வேகமாக எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்தது மொத்தம் சுமார் 1,100 கோடி டாலர். கம்பெனிச் சொத்தில் முக்கால் பங்கு!

2019 செப்டம்பரில் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான வழக்குகள் குவிந்துவிட்டன. குடும்பத்தின் மேலும் வழக்குகள் இருந்தன. தாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்று குடும்பத்தார் சொல்லிவந்தார்கள்.

பிறகு ஒரு பேரம் பேசினார்கள். "நாங்கள் சுமார் 432 கோடி டாலர் தருகிறோம். பல ஆண்டுகளில் தருவோம். அதற்குப் பதில், இந்த மாத்திரை பற்றி எங்கள் மேல் இனி யாரும் எந்த வழக்கும் போடக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதவர்களும் போடக் கூடாது" என்பது பேரம். தொகை பிறகு 600 கோடி வரை ஏறியது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இதில் என்ன கிடைக்கும்? குறைந்தது 3,500 டாலர். மிஞ்சிப்போனால் 48,000 டாலர். அதுவும் தவணையில்.

ஆனாலும் ஓட்டுப் போட்ட கடன்காரர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரி என்றார்கள். ஏன்? கம்பெனியில் இருந்த பணம் போதாது. குடும்பத்தின் பணம் வந்தால்தான் யாருக்கும் ஏதாவது கிடைக்கும். கைக்கு எட்டியதை ஏன் விட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். "பணம் முக்கியம் அல்ல, அவர்களைக் கோர்ட்டில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்" என்று சிலர் எதிர்த்தார்கள். எரிந்த வயிறு இரண்டு பக்கமும் இருந்தது. எது சரி என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்வது சுலபம் அல்ல.

கோர்ட்டுகளும் இப்படித்தான் திண்டாடின. திவால் கோர்ட்டு சரி என்றது. ஜில்லாக் கோர்ட்டு கூடாது என்றது. அப்பீல் கோர்ட்டு மறுபடியும் சரி என்றது. திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் சர்க்கார் அதிகாரி சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்.

மளிகைச் சீட்டு

2024-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம். நான்கு பேர் மறு பக்கம். ஒரே ஓட்டு வித்தியாசத்தில், பேரம் செல்லாது என்று ஆயிற்று.

இங்கேயும் சண்டை ஒரு வார்த்தைக்குத்தான். கம்பெனிகளைச் சீரமைக்கும் திட்டத்தில் என்னென்ன சேர்க்கலாம் என்று சட்டம் வரிசையாகச் சொல்கிறது. கடைசியில், "பொருத்தமான வேறு ஏற்பாடுகளும்" என்று முடிகிறது. அந்த 'வேறு ஏற்பாடு'களில் குடும்பத்துக்கு விடுதலை கொடுப்பதும் அடங்கும் என்றார்கள் குடும்பத்தின் வக்கீல்கள்.

வீட்டு அம்மாள் கடைக்குச் சீட்டு எழுதுகிறார்: "அரிசி, பருப்பு, புளி, மிளகாய், மற்றும் வேண்டியவை." சீட்டை வாங்கிப் போனவர் ஒரு தங்க வளையலை வாங்கிக்கொண்டு வந்து, "வேண்டியவை என்று எழுதியிருந்ததே!" என்றால் எப்படி இருக்கும்? உப்போ கடுகோ வாங்கி வந்தால் நியாயம்.

நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பின் சாரமும் இதுதான். வரிசையில் உள்ளவை எல்லாம் திவாலானவரைப் பற்றியவை. ஆகவே கடைசியில் வருகிற 'வேறு' என்பதும் அந்த ஜாதியாகத்தான் இருக்க வேண்டும். திவாலாகாத மூன்றாம் மனிதருக்கு, பாதிக்கப்பட்டவர்களின் சம்மதம் இல்லாமல் விடுதலை கொடுக்க அதில் இடம் இல்லை.

மேலும் ஒன்றைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. முறைப்படி திவாலாகும் ஆளுக்கே மோசடிக் கடனில் இருந்து விடுதலை இல்லை. இவர்களோ கணக்கும் காட்டாமல், மோசடி வழக்குகளில் இருந்தும் விடுதலை கேட்கிறார்கள்!

மாறுபட்ட நால்வர் சார்பில் நீதிபதி கவனா எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பேரிடி என்றார் அவர். கைக்கு வர இருந்த பணம் போயிற்று. இனி எப்போது வரும், வருமா என்பதே தெரியாது என்று வருந்தினார்.

அவர் பயந்தபடி பணம் அடியோடு போய்விடவில்லை. மறுபடியும் பேச்சு நடந்தது. குடும்பத்தாரும் கம்பெனியும் சேர்ந்து தர வேண்டிய தொகை சுமார் 740 கோடி டாலராக உயர்ந்தது. குடும்பத்தின் பங்கு 15 ஆண்டுகளில் வரும். கம்பெனி அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். இந்தப் புதிய ஏற்பாட்டுக்கு 2025 நவம்பரில் திவால் கோர்ட்டு சம்மதம் கொடுத்தது. பணம் வேண்டும் என்பவர்கள் இதில் சேர்ந்துகொள்ளலாம். சேர விருப்பம் இல்லாதவர்கள், சாக்ளர் குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கும் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.